தேடுவோர்க்கென மறைத்தவை

மறைத்தல் இருவகைப்படும். பிறர் காணலாகாது என்று மறைப்பது ஒன்று. பிறர் கண்டெடுத்தல் வேண்டும் என்றே மறைப்பது மற்றொன்று. முன்னதில், பெட்டியைப் பூட்டியவர் சாவியைத் தம் இடுப்பில் செருகிக்கொள்கிறார். பின்னதில், சாவியையும் பெட்டியின் அருகிலேயே வைத்துவிடுகிறார். அதுதான் சாவி என்பதை மட்டும் சொல்லாது விடுகிறார். இந்த இரண்டாம் வகை மறைப்பினைத் தமிழ் மிகப் பழங்காலத்திலேயே இலக்கியமாக ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியர் செய்யுளியலில் எழுவகை யாப்பினைக் கூறுமிடத்துப் பிசியையும் ஒன்றாக வைத்தார். இன்று நாம் விடுகதை என்று வழங்குவது அதன் வழிவந்ததே ஆகும்.

சிறு பருவத்தில், கோடை இரவுகளில், முற்றத்துப் பாயில் அமர்ந்து நம் நன்னி விடுகதை போடுவார். வானத்தை மடிக்க இயலாத புடவையாகவும் விண்மீன்களை எண்ண இயலாத பணமாகவும் கூறும் விடுகதையைக் கேளாத தமிழ்ப் பிள்ளைகள் அரியர். விடையோ தலைக்கு மேல் விரிந்து கிடக்கும். நாமோ அதனை அடுக்களையிலும் அலமாரியிலும் தேடிக்கொண்டிருப்போம். நன்னி விடையைச் சொல்லமாட்டார். ‘மல்லாந்து படு’ என்று மட்டும் சொல்வார். அச்சொல்லே குறிப்பு என்பது நமக்கு விளங்கச் சில இரவுகள் ஆயின.

விண்ணும் புதிரும் இவ்வாறு நம் நினைவில் ஒன்றாகவே பதிந்தன. அண்மைக் காலத்தில் அவ்விரண்டும் அறிவியலின் வழியே மீண்டும் இணைந்த செய்தியையும், அதனை நம் வகுப்பில் ஆய்ந்து பார்த்த அனுபவத்தையும், அதனால் எழுந்த வினாக்கள் இரண்டையும் ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

வாளியில் தொடங்கிய வேட்டை

ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டியை இன்று அறியாதார் இலர். அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிகளைக் கொண்டு, நாம் நிற்கும் இடத்தின் அகலாங்கினையும் நெட்டாங்கினையும் கணித்துக் காட்டும் கருவி அது. குடிமக்கள் பயன்படுத்தும் குறியில் அந்நாட்டு அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. அதனால் கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் அளவுக்குப் பிறழக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே முதல் நாளில் அக்கலப்பு நிறுத்தப்படும் என்று அதிபர் கிளின்டன் அறிவித்தார். அன்றிரவே அது நிறுத்தப்பட்டது. கருவியின் துல்லியம் ஏறத்தாழப் பத்து மடங்கு கூடிற்று.

மே 3-ஆம் நாள், ஆரகன் மாநிலத்துப் பீவர்கிரீக் என்னும் ஊரின் அருகே, டேவ் உல்மர் என்பவர் ஒரு நெகிழி வாளியைக் காட்டுப் பகுதியில் பாதி புதைத்து வைத்தார். அவ்விடத்தின் அகலாங்கு, நெட்டாங்குகளை இணையக் குழுவொன்றில் வெளியிட்டார். நூல்கள், மென்பொருள், சிறிது பணம், ஒரு கவண், டப்பாவில் அடைத்த அவரை, பெயரெழுத ஓர் ஏடு, பென்சில் ஆகியன வாளியுள் இருந்தன. தேடிக் கண்டவர் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாற்றாக ஏதேனும் ஒன்றை வைத்துச் செல்ல வேண்டும். ஜியோகேச்சிங் என்னும் புதையல் வேட்டை இவ்வாறு பிறந்தது. இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வேட்டைக்கென மறைத்து வைக்கப்பட்டுள்ளன. நிலத்துக்குரியவரின் இசைவின்றிப் பெட்டி வைக்கலாகாது. மண்ணைத் தோண்டிப் புதைக்கலாகாது என்னும் நெறிகளும் பின்னர் ஏற்பட்டன.

இவ்வேட்டையில் புதிர்ப் பெட்டி என்றொரு வகை உண்டு. இடத்தின் எண்களை நேரே தாராமல் ஒரு புதிரினுள் பொதிந்து தருவர். புதிரை விடுவித்தாலன்றிப் பெட்டி இருக்குமிடம் புலப்படாது. இதற்கு விண்வெளி மிகவும் ஏற்ற பொருளாயிற்று. கோள்களின் வரிசை, விண்மீன் கூட்டங்களின் உருவம், கலங்கள் ஏவப்பட்ட ஆண்டுகள் என யாவும் எண்ணாக மாறக்கூடியன அல்லவா? வேட்டையும் விண்ணேறிற்று. 2008-ஆம் ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்திற்குச் சென்ற ரிச்சர்டு கேரியட் அங்கு ஒரு புதையலிடத்தை ஏற்படுத்தினார். 2021-இல் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியும் இவ்வேட்டைக்குரிய குறியெண் ஒன்றைத் தன் கருவியொன்றின் அளவீட்டுத் தகட்டில் தாங்கிச் சென்றது.

குடைக்குள் ஒரு செய்தி

அந்த ஊர்தியோடு சென்ற மற்றொரு புதிரே நம் கட்டுரையின் நடுநாயகம். 2021 பிப்ரவரி 18 அன்று, செவ்வாயின் ஜெசிரோ என்னும் பள்ளத்தில் பெர்சிவரன்ஸ் இறங்கிற்று. அதன் வேகத்தைத் தணிக்க 21.5 மீட்டர் விட்டமுள்ள வான்குடை ஒன்று விரிந்தது. நான்கு நாட்கள் கழித்து, அக்காட்சியைக் காணொளியாக உலகுக்குக் காட்டினர். குடையின் துணியில் செம்மஞ்சளும் வெள்ளையுமாகக் கூறுகள் ஒழுங்கற்றுக் கிடந்தன. குடை எந்தப் பக்கம் திரும்பியது, எவ்வாறு விரிந்தது என்பதைப் படத்தில் கண்டறிய அத்தகைய ஒழுங்கற்ற வடிவம் பொறியாளர்க்குத் தேவைப்பட்டது. ஆயினும் அது வெறும் ஒழுங்கின்மை அன்று. தம் பணியில் பிறர் கண்டறியட்டும் என்று சில வேளைகளில் செய்திகளை விட்டுவைப்பதுண்டு; முயன்று பாருங்கள் என்று பொறியாளர் ஆலன் சென் அந்நாளில் குறிப்பாகச் சொன்னார். சில மணி நேரத்திற்குள் உலகின் வெவ்வேறு மூலைகளில் இருந்தோர் அதனை விடுவித்துவிட்டனர்.

அப்புதிரை அமைத்தவர் இயான் கிளார்க் என்னும் பொறியாளர். குறுக்கெழுத்துப் புதிர்களில் ஈடுபாடு மிக்கவர். கலம் தரையிறங்கும் வரை, ஏறத்தாழ ஆறு பேர் மட்டுமே அச்செய்தியை அறிந்திருந்தனர் என்பர். பயனுக்காக வரைந்த வடிவத்தில் பொருளையும் பொதிந்து வைத்த அவர்தம் திறம், நம் புலவர்தம் சிலேடையை நினைவூட்டுகிறது.

கட்டத்தாளும் அசை பிரித்தலும்

சென்ற கல்வியாண்டில், முதுகலை வகுப்பில் பிசி பற்றிய பாடம் வந்தபோது, இக்குடையின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு மாணவர் கையில் கொடுத்தோம். கைப்பேசிகளை மேசை மேல் வைக்கச் சொன்னோம். இதற்குள் ஒரு செய்தி உண்டு என்பது தவிர வேறெதுவும் சொல்லவில்லை. கட்டத்தாளும் வண்ணப் பென்சிலும் கொண்டு அவர்கள் படியெடுக்கத் தொடங்கினர். குடை மையத்திலிருந்து எண்பது கூறுகளாகப் பிரிந்திருந்தது. வளையம் வளையமாக அக்கூறுகளுக்கு வண்ணம் தீட்டியிருந்தனர்.

முதலில் செம்மஞ்சள் கட்டங்களை மட்டும் எண்ணினர், பயன் விளையவில்லை. தமிழ் மாணவர் அல்லரோ? ஒருவர் வெள்ளையை நேரசை என்றும் செம்மஞ்சளை நிரையசை என்றும் கொண்டு அலகிடலானார். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. இரண்டே குறிகளால் எல்லாவற்றையும் எழுதலாம் என்னும் கருத்தை அவர் தம்மையறியாமலே தொட்டுவிட்டார். ‘அசையைப் பிரித்தீர், சீரைப் பிரிக்கவில்லையே’ என்று மட்டும் கூறினோம்.

அக்குறிப்புப் போதுமானதாயிற்று. ஏழு ஏழாகவும் எட்டு எட்டாகவும் பிரித்துப் பார்த்துக் கைவிட்டபின், பத்துப் பத்தாகப் பிரித்தனர். அப்போது ஒவ்வொரு பத்திலும் முதல் மூன்று கட்டங்கள் வெள்ளையாகவே நிற்பதைக் கண்டனர். எஞ்சிய ஏழு இடங்களே பொருள் தருவன. வெள்ளை சுழி, செம்மஞ்சள் ஒன்று. வலப்புறத்திலிருந்து அவ்விடங்களின் மதிப்பு முறையே 1, 2, 4, 8, 16, 32, 64. இதுவே கணினியார் கூறும் இரும எண்முறை. இவ்வாறு கூட்ட, உள்வளையத்தில் 4, 1, 18, 5 என்னும் எண்கள் வந்தன. ஆங்கில நெடுங்கணக்கில் நான்காவது டி, முதலாவது ஏ, பதினெட்டாவது ஆர், ஐந்தாவது ஈ. ‘டேர்’ என்னும் சொல் தோன்றிற்று. அவ்வளையத்தின் எஞ்சிய நான்கு சீர்களில் ஏழு இடமும் செம்மஞ்சளாகவே நின்றன. இடம் நிரப்ப வந்த அசைநிலைகள் போலும்! அடுத்த இரு வளையங்களில் ‘மைட்டி’, ‘திங்ஸ்’ என்னும் சொற்கள் கிடைத்தன. பெருஞ்செயல்களுக்குத் துணிக என்பது பொருள். அமெரிக்க அதிபராகப் பின்னாளில் விளங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் 1899-இல் ஆற்றிய உரையொன்றிலிருந்து எடுத்து, குடையை வடிவமைத்த ஆய்வுக்கூடத்தார் தம் குறிக்கோளாகப் போற்றும் தொடர் அது.

இவ்விடத்தில் மாணவர் ஒருவர் வினவினார்: ‘ஐயா, தமிழில் எழுதியிருந்தால் ஏழு இடம் போதுமா?’ கரும்பலகையில் கணக்கிட்டோம். ஏழு இடங்களில் 127 வரைதான் எழுதலாகும். எட்டு இடங்களில் 255 வரை எழுதலாம். நம் எழுத்துகளோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247. எட்டு இடங்களுக்குள் அளந்து வைத்தாற்போல் அடங்கிவிடுகின்றன. அன்று வகுப்பில் எழுந்த மகிழ்ச்சி ஆரவாரம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டிருக்கும்.

புறவளையம் மட்டும் பிடிபடவில்லை. 34, 11, 58, 14, 118, 10, 31, 23 என எட்டு எண்கள். ஆங்கிலத்தில் முப்பத்து நான்காம் எழுத்து ஏது? வகுப்பு சோர்ந்தது. பின்வரிசையில் ஒரு மாணவி இருந்தார். இளங்கலை தொட்டு நம்மிடம் பயில்பவர். உரைநூலில் கண்டதை ஓர் எழுத்தும் பிசகாமல் ஒப்பிப்பார். ஆனால் அதுகாறும் வகுப்பில் ஒரு வினாவும் எழுப்பியதில்லை. அவர் எழுந்து, ‘ஐயா, இவை எழுத்துகள் அல்ல; இஃது ஓர் ஊர்’ என்றார். பதினான்காவது எழுத்தும் இருபத்து மூன்றாவது எழுத்தும் ஆங்கிலத்தில் வடக்கு, மேற்கு என்பவற்றின் முதலெழுத்துகள். அவற்றுக்கு முன் நிற்கும் மும்மூன்று எண்கள் பாகை, கலை, விகலை என்று விளக்கினார். வடக்கே 34 பாகை 11 கலை 58 விகலை. மேற்கே 118 பாகை 10 கலை 31 விகலை. நிலப்படத்தில் விரல் வைத்துத் தேட, கலிபோர்னியாவில் பாசடீனாப் பக்கம் போய் நின்றது. அவ்வூர்தியை உருவாக்கிய ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடம் அமைந்துள்ள இடம் அது. செவ்வாயின் வானில் விரிந்த குடை தன் பிறந்தகத்தின் முகவரியைத் தாங்கிச் சென்றது.

மணி அடித்தபின்னும் எவரும் எழவில்லை. இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. அம்மாணவி மீண்டும் எழுந்தார். ‘விடை ஐயாவுக்கு முன்பே தெரியும். முதலிலேயே சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்குமே?’ குற்றச்சாட்டாக அன்றி, அறிய வேண்டும் என்னும் விருப்போடு எழுந்த வினா அது. அதற்கு விடையிறுக்குமுன் மற்றொரு வினாவையும் நாம் எதிர்கொள்ள நேர்ந்தது.

ஹாஜியாரின் வினா

கல்லூரியின்பால் பரிவு மிக்க ஹாஜியார் ஒருவர் சில நாட்கள் கழித்து நம்மைக் கண்டார். ‘தம்பி, தமிழ் வகுப்பில் வான்குடைக்கு வண்ணம் தீட்டினீர்களாமே, அது பாடத்தில் உண்டா?’ என்று புன்னகையோடு கேட்டார். பெற்றோர் பலர் பொருள் நெருக்கடிக்கிடையே பிள்ளைகளைப் படிக்க அனுப்புகின்றனர். அவர்கள் சார்பில் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தேர்வுக்குரிய பகுதி எதுவும் குறையவில்லை என்பதை முதலில் தெரிவித்தோம். பின்னர் அல்-கிந்தியைப் பற்றிக் கூறினோம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த மெய்யறிஞர் அல்-கிந்தி. மறைமொழிகளை விடுவிக்கும் முறை பற்றித் தனிநூல் இயற்றியவர். நெடுங்காலம் மறைந்து கிடந்த அந்நூலின் சுவடி இஸ்தான்புல்லில் கண்டெடுக்கப்பெற்று 1980-களில் அச்சேறியது. ஒரு மொழியில் சில எழுத்துகள் அடிக்கடி வரும். சில அருகியே வரும். அம்மொழியின் உரையொன்றை எடுத்து எழுத்துகளை எண்ணி வரிசைப்படுத்துக. மறைமொழியின் குறிகளையும் அவ்வாறே எண்ணுக. இரு வரிசைகளையும் ஒப்பிட, மறைந்த எழுத்து வெளிப்படும் என்பது அவர் காட்டிய நெறி. மொழியின் இயல்பை அறிந்தவனுக்கே மறைமொழி வசப்படும் என்பதால், இக்கலை மொழியாசிரியர்க்கும் உரியதே. மறைகுறியைச் சுட்டும் ‘சைபர்’ என்னும் ஆங்கிலச் சொல்லே, சுழியைக் குறிக்கும் ‘சிஃப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. எழுத்தை எண்ணாக்கும் வழக்கம் நமக்குப் புதிதும் அன்று. நம் இல்லங்களில் கடிதத் தலைப்பில் எழுதப்படும் 786, அரபு எழுத்துகளின் எண்மதிப்பைக் கூட்டி வந்ததே. அவ்வாறு எழுதுவதன் தகுதி குறித்து மார்க்க அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அஃது இங்கு நம் பொருளன்று. தமிழிலும் எட்டுக்கு அகரமும் கால் என்னும் பின்னத்திற்கு வகரமும் குறிகள். அவ்விரண்டையும் சேர்த்து ‘அவ’ என்று வைத்து விளையாடும் தனிப்பாடல் ஔவையார் பெயரால் வழங்குவதை யாவரும் அறிவர்.

கேட்டுக்கொண்டிருந்த ஹாஜியார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தம் அத்தாவின் ஜவுளிக்கடையைப் பற்றிச் சொல்லலானார். ஒவ்வொரு துணியின் சீட்டிலும் அதன் அடக்கவிலையை எழுத்துகளால் குறித்து வைப்பாராம். பத்து எழுத்துகளாலான ஒரு தொடர். ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண். வாங்க வருவோர்க்கு விலை தெரியாது. கல்லாவில் அமர்ந்தவர்க்குத் தெரியும். ‘அந்தத் தொடர் என்ன?’ என்று ஆவலோடு கேட்டோம். ‘அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை, தம்பி. அத்தா திடீரென்று மௌத்தாகிவிட்டார். பழைய சரக்கின் சீட்டுகளை எங்களால் படிக்க முடியவில்லை. என்ன விலைக்கு வாங்கினார் என்று தெரியாமல், வந்த விலைக்குத் தள்ளினோம்’ என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய இழப்பு அது. ஆயினும் அவர் குரல் சற்றே இறங்கிற்று.

மறுவாரம் அவரே ஒரு பழைய சரக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்று நம் மாணவர் சிலர் அல்-கிந்தியின் வழியைப் பின்பற்றி அதிலுள்ள குறிகளை எண்ணி வருகின்றனர். விலைகளின் இறுதியில் மிகுதியாக வருவது சுழியாதல் வேண்டும் என்று தொடங்கி, பத்தில் ஆறு எழுத்துகளுக்கு எண் கண்டுவிட்டனர். எஞ்சிய நான்கு இன்னும் பிடிபடவில்லை. ஹாஜியார் வாரந்தோறும் வந்து விசாரித்துச் செல்கிறார். அது பாடத்தில் உண்டா என்று அவர் இப்போது கேட்பதில்லை.

விடை சொல்லாமை

கடைக்காரரின் குறி, குடையின் குறி என்னும் இரண்டையும் அருகருகே வைத்தபோதுதான் மாணவியின் வினாவுக்கு உரிய விடை நமக்குத் தெளிவாயிற்று. கடைக்காரர் மறைத்தது பிறரை விலக்குதற்கு. அதில் தவறில்லை, வணிகத்திற்கு அது தேவை. ஆயினும் உடையவர் மறைந்தபோது அப்பொருளும் உடன் மறைந்தது. கிளார்க் மறைத்ததோ முன்பின் அறியாத ஒருவரை அழைத்தற்கு. எனவே எண்பது என்னும் எண்ணிலும், தவறாது நிற்கும் மூன்று வெள்ளைக் கட்டங்களிலும் சாவியை வைத்தார்.

1974 நவம்பரில் அரெசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து விண்மீன் கொத்து ஒன்றை நோக்கி அனுப்பிய செய்தியும் இத்தகையதே. அதில் 1679 குறிகள் இருந்தன. அவ்வெண்ணை 23, 73 என்னும் இரு பகா எண்களின் பெருக்கமாக மட்டுமே பிரிக்க இயலும். குறிகளை எத்தனை வரிசையாக அடுக்கினால் படம் தோன்றும் என்பதை அவ்வெண்ணே சொல்லிவிடும். கேட்பவர் யார், எம்மொழியினர் என்று தெரியாது. ஆனால், எண்ணிப் பார்க்கும் அறிவு அவருக்கு இருக்கும் என்று அனுப்பியவர்கள் நம்பினர். புதிர் என்பது அந்த நம்பிக்கையின் வடிவம்.

ஆசிரியப் பணியும் அதுவே என்று கருதுகின்றோம். இன்று எவ்வினாவுக்கும் நொடியில் விடை தரும் கருவிகள் மாணவர் கையில் உள்ளன. நாம் படித்த நாளில் உரைநூல் இருந்தது. இன்று செயற்கை நுண்ணறிவு இருக்கிறது. அவற்றை விலக்குக என்று கூறுவது நம் கருத்தன்று. தாகத்திற்குத் தண்ணீர் போல், தேவைக்கு விடை வேண்டும். ஆனால், தேடாமல் வந்த விடை செவிவழி புகுந்து தேர்வுத்தாளில் இறங்கிவிடுகிறது, உள்ளே தங்குவதில்லை. அம்மாணவிக்கு நாம் கூறிய மறுமொழி இவ்வளவே: ‘முதலிலேயே சொல்லியிருந்தால் 118 என்பது எம்மிடமிருந்து நீர் பெற்ற செய்தியாக இருந்திருக்கும். இப்போது அது நீரே கண்டது.’ அவர் ஒன்றும் கூறவில்லை. ஆனால், அடுத்த வாரம் கலித்தொகை வகுப்பில், உரையாசிரியர் கூறும் பொருள் இவ்விடத்தில் பொருந்துமா என்று கேட்டார். இளங்கலை முதல் நாம் காத்திருந்த வினா அது.

அந்த வான்குடை இன்று செவ்வாயின் புழுதியில் கிடக்கிறது. 2022 ஏப்ரலில் இன்ஜெனுவிட்டி என்னும் சிறு வானூர்தி அதன்மேல் பறந்து படம் எடுத்து அனுப்பியது. துணி மண் படிந்து நிறம் மங்கியிருக்கலாம். அதில் எழுதிய செய்திக்கு இனி அழிவில்லை. அது படித்தவர்களிடம் வந்து சேர்ந்துவிட்டது.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுக்கு நாமும் ஒரு புதிர் வைத்துள்ளோம். முதல்வர் அவர்களின் இசைவைப் பெற்றே வைத்துள்ளோம். நம் துறையின் வாயிற்படியில் கிழக்கு நோக்கி நிற்க. ஞாயிற்றிலிருந்து எண்ணும்போது, செந்நிறக் கோளின் வரிசையெண்ணை முதலிலும், வளையங்களால் பெயர்பெற்ற கோளின் வரிசையெண்ணை அதன் வலப்புறத்திலும் எழுதுக. வரும் எண்ணளவு அடிகள் முன்னே நடக்க. பின்னர்த் தெற்கே திரும்பி, நாம் வாழும் கோளின் வரிசையெண்ணைத் தொல்காப்பியர் கூறிய யாப்பு வகைகளின் தொகையால் பெருக்கி, அத்தனை அடிகள் நடக்க. அங்கு நிற்கும் வேம்பின் அடியில் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் பொன்னும் இல்லை, பொருளும் இல்லை. ஓர் ஏடும் பென்சிலும் உண்டு. ஏட்டில் உங்கள் பெயரை எழுதி, பெட்டியை இருந்தவாறே வைத்துத் திரும்புக. இடம் தெரியாவிடில் எம்மிடம் வருக. குறிப்பு மட்டும் தருவோம்.